கட்டின கயிறும் மாற்றாத உயரமும்

அண்ணியை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ட்ரோன் ஓட்ட லைசன்ஸ் வாங்கிய நாளிலிருந்து பால் காய்ச்சுவதற்குக்கூடப் பட்டியல் போடுகிற ஆள் அவர். ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் ட்ரோனின் இறக்கைகளை நகத்தால் தடவி விரிசல் பார்ப்பார். அது பறக்கும்போது எதிர்ப்பக்கம் நின்று கண்ணெடுக்காமல் கவனிப்பது என் வேலை. சம்பளத்துக்கு வானம் பார்ப்பவன் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

அன்று ஓர் ஆலையின் அறுபது மீட்டர் புகைபோக்கியைப் படம் எடுக்கப் போனோம். அதன் பின்புறம், அடியிலேயே ஒரு பெஞ்சில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்களுக்கு மேலே பறக்கக் கூடாது என்பது விதி. எல்லாரும் எழுந்தால்தான் ஆச்சு, சுற்றிலும் கயிறு கட்டியாக வேண்டும் என்றார் அண்ணி. ஆலை மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். அஞ்சு நிமிஷ வேலைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார். அண்ணி மசியவில்லை. எட்டுப் பேரும் முணுமுணுத்தபடி தட்டோடு நகர்ந்தார்கள். எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாக்குவாதத்தில்தான் ஒன்று விட்டுப்போனது. தொடர்பு அறுந்தால், குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி ட்ரோன் தானாகத் திரும்பி வரும். முந்தைய நாள் ஒரு பள்ளிக்கூடக் கூரைக்காகக் குறித்த முப்பது மீட்டரை அண்ணி மாற்றவில்லை.

ட்ரோன் தாழப் பறந்து புகைபோக்கிக்குப் பின்னால் வந்ததும் தொடர்பு அறுந்தது. என் கண்ணெதிரே அது முப்பது மீட்டருக்கு ஏறி, திரும்பி, நேராகச் சுவரில் மோதியது. நாலு கிலோ சாமான் விழுந்த வேகத்தில் பெஞ்சின் பலகை இரண்டாகப் பிளந்தது. எட்டுப் பேரும் கயிற்றுக்கு வெளியே நின்று அதையே பார்த்தார்கள்.

விபத்து நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். தன் தப்பு என்று எழுதினால் லைசன்ஸ் போகலாம், அதோடு பிழைப்பும் போகலாம். மேனேஜர் முகம் வெளிறிப்போய் அண்ணியிடம் வந்தார்.

"காத்து தள்ளிடுச்சுன்னு எழுதிடுங்கம்மா. நான் சாட்சி சொல்றேன்."

"காத்தே இல்லையே சார். உயரத்தை நான்தான் மாத்தல."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று பார்த்தது போன்ற துணிச்சலை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று மாதம் லைசன்ஸை நிறுத்திவைத்தார்கள். அது திரும்பி வந்த வாரத்தில் முதல் போன் அந்த மேனேஜருடையது. வேலை பாதியில் நிற்கிறதாம், அண்ணிதான் வர வேண்டுமாம்.

நாங்கள் போனபோது கயிறு ஏற்கெனவே கட்டியிருந்தது. மேனேஜர் அண்ணி பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"உயரம் மாத்தியாச்சாம்மா?"