தெபோராள் விட்டுக்கொடுத்த இடம்

தெபோராள் இறந்த முப்பதாம் நாள் நினைவு ஆராதனையில் பேசியவர்கள் எல்லாரும் அவளை அன்பே உருவானவள் என்றார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மருமகள் வேதாவுக்கு ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் இவர்கள்?

வேதாவுக்குத் தெரிந்த தெபோராளிடம் உழைப்பு இருந்தது, ஜெபம் இருந்தது, கத்திமுனை மாதிரி ஒரு நாக்கும் இருந்தது. ஆஸ்பத்திரி ஆயா வேலை பார்த்தவள். குடித்துவிட்டு வந்த புருஷன் அப்பாதுரையை வாசலிலேயே படுக்கவைத்துப் படுக்கவைத்துக் குடியை மறக்கடித்தாள். பிறகு ஞாயிறு தவறாமல் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாகச் சர்ச்சுக்கு இழுத்துப்போனாள். சனிக்கிழமை வந்தால் வேங்கிக்காலில் ஷேர் ஆட்டோ ஏறி, டவுனுக்குப் போய், சர்ச்சை ஒற்றை ஆளாகக் கூட்டிக் கழுவிவிடுவாள். சபையில் எந்தப் பெண் நோயில் படுத்தாலும் ரசம் சோறு தூக்கோடு போய் நிற்பாள். பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. சர்ச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணான வேதாவை மகன் பிரகாஷ் பதிவுத் திருமணம் செய்து கூட்டிவந்த அன்று, தெபோராள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்டுல சாமி படம் கெடையாது. நெத்தியில பொட்டும் கெடையாது."

"நெத்தி என்னுதுங்க அத்தை," என்றாள் வேதா.

அன்று தொடங்கிய சண்டை ஓயவேயில்லை. தெபோராள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பிரகாஷ் பொண்டாட்டி" என்பாள், இல்லாவிட்டால் "இந்தா" என்பாள். ஒரு வருஷம் கார்த்திகை தீபத்தன்று, வேதா மலைத் தீபத்தைப் பார்க்கக் கூடாதென்று மொட்டைமாடிக் கதவைப் பூட்டிவிட்டாள். வேதா தெருவுக்கு இறங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், வீட்டுக் கதவும் உள்ளே தாழ்ப்பாள். பிரகாஷ் வேலை முடிந்து வரும்வரை அக்கம்பக்கம் பார்க்க வெளியிலேயே நின்றாள்.

பிறகு குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. இதயத்தில் கோளாறு என்றார்கள் டாக்டர்கள். உடனே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று தெபோராள் குதித்தாள். "எம் புள்ள மொதல்ல பொழைக்கட்டும். அப்பால பேசிக்கலாம்," என்று வேதா மறுத்தாள். ஒரு மாதம்கூட நிற்கவில்லை, குழந்தை போய்விட்டது.

முன்பே இறந்துபோன தன் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றான் பிரகாஷ். துணியில் சுற்றிய பிள்ளையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், சபைச் செயலாளர் கேட்டை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஞானஸ்நானம் வாங்காத புள்ளைங்கம்மா. தாயாரும் சபையில இல்ல. விதி ஒண்ணு இருக்குதில்ல?"

தெபோராள் முன்னால் வந்தாள். "எம் புருஷன் பக்கத்துல இருக்கிற எடம் யாருது?"

"உங்களுதும்மா. உங்களுக்குன்னு விட்டு வச்சதுதான்."

"அப்ப அந்த எடத்துல யாரப் படுக்க வெக்கணும்னு நான் சொல்றேன். கேட்டைத் தொற."

"அம்மா, சட்டம்னு..."

"இயேசு சின்னப் புள்ளைங்களக் கூப்டப்ப, ஞானஸ்நானம் ஆயிடுச்சா ஆவலயானு ஒவ்வொண்ணா விசாரிச்சாரா? நீ யாருடா நடுவுல?"

இடுப்புச் சாவிக்கொத்தை உருவி அவர் காலடியில் எறிந்தாள். வெள்ளைப் புடவையோடு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சமாதானம் சொல்ல வந்தவர்களை எல்லாம் வாயாலேயே விரட்டினாள். கடைசியில் போதகர் ஓடிவந்து கேட்டைத் திறக்கச் சொன்னார். அப்பாதுரைக்குப் பக்கத்தில், தெபோராளுக்கென்று இருந்த மண்ணில், பிள்ளையை வைத்தார்கள்.

வேதாவுக்கு அந்த நேரத்தில் அவள் காலில் விழலாம் போலத்தான் இருந்தது. வீடு திரும்பும் ஆட்டோவில் தெபோராள் வாயைத் திறந்தாள்.

"நான் சொன்னப்பவே செஞ்சிருந்தா அந்த நாயி இந்தப் பேச்சு பேசியிருக்குமா? எல்லாம் உன் திமிரால வந்தது."

மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. ஓடுகிற ஆட்டோவிலிருந்து அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாமா என்று வேதா நினைத்தாள். நினைத்ததற்காக இன்றுவரை வருந்தவில்லை.

அடுத்த தேர்தலில் செயலாளர் ஆள் திரட்டித் தெபோராளைச் சங்கத் தலைவி பதவியிலிருந்து இறக்கினார். அவள் சனிக்கிழமை போவதை நிறுத்தவில்லை. சாவியை இன்னொருத்தியிடம் கேட்டு வாங்கிக் கூட்டிவிட்டு வந்தாள். பக்கவாதம் வந்து படுத்தபோது வேதாதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள். "உப்பு ஜாஸ்தி" என்று கோணின வாயால் தெபோராள் துப்பினாள். "துப்புங்க, கஞ்சி இன்னும் இருக்குது," என்று வேதா மறு கரண்டியை நீட்டினாள். செத்ததும் அவளைத் தோட்டத்தின் கோடியில், முள்ளுச்செடி மண்டிய மதில் ஓரமாகப் புதைத்தார்கள். அங்கேதான் இடம் இருந்தது.

இப்போது அதே செயலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம சபையின் தூண் சாய்ந்துவிட்டது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து குடும்பத்தின் சார்பில் மருமகள் பேசுவார் என்று போதகர் அறிவித்தார்.

"நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடு," என்று பிரகாஷ் காதோரம் கெஞ்சினான்.

வேதா பொட்டோடு போய் நின்றாள்.

"எங்க அத்தை அன்பான பொம்பள இல்லீங்க."

மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"என்னை ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்டதில்ல. எம் புள்ளைக்கு அவங்க எடத்தக் குடுத்தாங்க. அன்னிக்கே எந்தத் தாயும் தாங்க முடியாத பேச்சும் பேசினாங்க. நான் ரெண்டையும் மறக்க மாட்டேன். செயலாளரு அவங்களத் தூணுன்னாரு. எம் புள்ளைக்குக் கேட்டை மூடினது யாரு, அந்தத் தூணைச் சங்கத்துலேந்து புடுங்கிப் போட்டது யாருன்னு அவரே சொல்லட்டும்."

செயலாளர் எழுந்தார். "துக்க ஆராதனையில பேசற பேச்சா இது?" என்று சீறினார். பின்வரிசைப் பெண்களில் ஒருத்தி, "உக்காருங்க ஐயா, பொய்யா சொல்லுது அது?" என்றாள். இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார்.

வெளியே பிரகாஷ் பைக் பக்கத்தில் நின்றிருந்தான். "எங்கம்மாவ ஊர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியே."

"வேற யாரப் பத்தியோ பேசிட்டு வரச் சொன்னீங்களா?"

அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். வேதா தனியாகப் போய்ச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தாள். பரிமாறிக்கொண்டிருந்த சங்கத்துக் கிழவி ஒருத்தி, இலையில் சோற்றைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"எப்படியிருந்தாலும் உள்ளுக்குள்ள உனக்கு அவ மேல பாசம்தான்டி."

"இல்லீங்க," என்றாள் வேதா. "எனக்கு அவங்களப் புடிக்கவே புடிக்காது. கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."