கேமராவுக்குள் ஊக்கு

ரிஃபாத்துக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினாலும் கால் மாற்றி மாற்றித்தான் நிற்பாள். படிப்பு முடிந்து ஜவுளிக்கடையில் மூன்று மாதம், கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து மாதம், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலையில் சரியாகப் பதினோரு நாள். புருஷன் முகம்மது சலீம் ரியாத்தில் இருந்து வீடியோ காலில் வந்தால்கூட வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் பேசுவாள். "செத்த உக்காந்து பேசேன் ரிஃபாத்து, எனக்குத் தலை சுத்துது" என்பான் அவன். உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சே வராதே, என்ன செய்ய?

அப்படிப்பட்டவளுக்குச் சின்னச் சாமான்கள் மேல்தான் ஆசை. மடக்குக் குடை, விரல் நீளக் கத்தரி, சாவிக்கொத்தில் தொங்கும் டார்ச். கையை நிறைக்கிற எதுவும் காலைக் கட்டிப்போடும் என்பது அவள் கட்சி. போன தடவை ஊருக்கு வந்த சலீம், கூட வேலை பார்க்கிறவன் வேண்டாமென்று தூக்கிப் போட்ட பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தான். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பொத்தானை அமுக்கினால் லென்ஸ் விர்ரென்று வெளியே வந்து பார்க்கும், இன்னொரு தடவை அமுக்கினால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். சுரிதார் பாக்கெட்டில் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. புருஷன் தனக்கென்று வாங்கிவந்த சென்ட்டு பாட்டிலை அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"போன்லயே எடுக்கலாம்லா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

"போன் நூறு சோலி பாக்கும். இது ஒரு சோலிதான் பாக்கும். என்னைய மாதிரி இல்ல" என்பாள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பொம்பளைகள் பகுதிக்குள் ஆண் கேமராக்காரன் நுழைய முடியாது. அந்த இடம் ரிஃபாத்துக்கு வாகாக அமைந்தது. ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தப் பொம்பளையாவது தன் படத்தை "அழி" என்று சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்காமல் அவள் கண் முன்னாலேயே அழித்துவிடுவாள். கல்யாணம் முடிந்ததும் மெமரி கார்டைப் பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். இதை வைத்தே அவள் பேர் கடையநல்லூர் வரை போயிற்று.

ஆனால் பேரைக் கேட்டுக் கூப்பிட்டவர்கள் ஆளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். அப்படிப் போன ஒரு கல்யாணத்தில் அவள் கேமராவும் கையுமாக நிற்கும்போதே, "கேமராக்காரி எப்ப வருவா?" என்று அவளிடமே ஒருத்தி கேட்டாள். ரிஃபாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய், ஐந்தருவியில் யாரோ டூரிஸ்ட் தண்ணீருக்குள் போட்டுச் சாகடித்த பெரிய கேமரா ஒன்றைச் சும்மா வாங்கிவந்தாள். முழங்கை நீள லென்ஸ். உயிர் கிடையாது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனதும் மரியாதையைப் பார்க்க வேண்டுமே! வந்ததும் நாற்காலி, உட்காருமுன் சர்பத்.

அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. பெரிய கேமராவைத் தூக்கினால் எல்லாரும் ரேஷன் கார்டு படத்துக்கு நிற்பதுபோல விறைத்துக்கொள்வார்கள். "ஆச்சு" என்று அதை இறக்கினதும் மூச்சு விடுவார்கள், ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரிப்பார்கள். அந்த நிமிஷத்தில் உள்ளங்கையில் இருக்கும் சின்னது வேலையை முடித்துவிடும். பாட்டரி இல்லாமல் கிடந்த பெரியதன் வயிற்றில் அவள் ஊக்குகள் போட்டு வைத்திருந்தாள். கல்யாண வீட்டில் எப்போதும் யாருக்காவது ஊக்கு வேண்டியிருக்கும்.

இந்த ஆனி மாதம் அதீபா கல்யாணம். அதீபாவின் வாப்பா முகம்மது கனி சவூதியில் தம்மாமில் இருக்கிறார். லீவு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ரிஃபாத்துக்கு அவரே போன் செய்தார்.

"எம்மா, நிக்காஹுக்கு மகட்ட சம்மதம் கேக்க நான் அங்கன இல்ல. எந்தம்பிதான் கேக்கப் போறான். அந்நேரம் அவ மொகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். ஆல்பம் கீல்பம் எல்லாம் அவியளுக்கு. எனக்கு அந்த ஒண்ணு போதும்."

குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து அவரே போனை வைத்துவிட்டார். அதிலிருந்து ரிஃபாத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஆயிரம் படம் எடுப்பவளுக்கு ஒரு படம் எடுக்கப் பயம் வந்துவிட்டது.

மேலகரத்தில் மண்டபம். பொம்பளைகளுக்கு மாடி. காலையில் இருந்து சாரல். பதினொன்றுக்கு நிக்காஹ் என்று பேச்சு. புளியங்குடியில் இருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார் வந்தபாடில்லை. ரிஃபாத் மாடிக்கும் கீழுக்குமாக நடந்து தீர்த்தாள். கடைசியில் சேதி வந்தது: மண்டபத்தைத் தாண்டிக் குற்றாலத்துக்குப் போய் மெயினருவியில் குளித்துக்கொண்டிருக்கிறார்களாம். தண்ணி நல்லா விழுதாம்!

"கல்யாணத்துக்கு வந்தாவளா, குளிக்க வந்தாவளா?" என்று கொதித்தவள் கனியின் தங்கை ஹாஜரா பீவி. காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் இல்லாத குறை தெரியக் கூடாதென்று அன்றைக்கு மண்டபத்தையே தலையில் தூக்கி வைத்திருந்த மனுஷி. அதட்டலிலேயே எல்லாரையும் நடத்துவாள். வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று பார்த்தவள் கண்ணில் ரிஃபாத் பட்டாள்.

"ஏட்டி, காலையில இருந்து எடுக்கியே, காட்டு பாப்போம்."

"அப்புறம் காட்டுதேன் மாமி."

"அப்புறம் என்னத்த? இங்கன தா." கழுத்தில் இருந்து பெரிய கேமராவை உருவியே விட்டாள். எதை அமுக்கியும் வெளிச்சம் வரவில்லை. அடியில் இருந்த மூடியை நகத்தால் நெம்பினாள். இரண்டு ஊக்குகள் கீழே விழுந்தன.

சுற்றி நின்ற பொம்பளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

"கேமராவுக்குள்ள ஊக்கு!" என்றாள் ஹாஜரா பீவி. "இந்த ஊக்கு டப்பாவுக்கா காலையில இருந்து பல்லக் காட்டிட்டு நின்னோம்? எங்க காக்கா அங்கன கெடந்து மாயுதாவ, நீ இங்கன வேஷம் போடுதியா? வெளிய போட்டி!"

ரிஃபாத் சின்னதை எடுத்து, "படமெல்லாம் இதுலதான் இருக்கு மாமி" என்று காட்டினாள். அது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினது போலாயிற்று. "இதென்ன வெளாட்டுச் சாமானா?" அதீபா எழுந்து, "மாமி, நாந்தான் இது வேணும்னு சொன்னேன். எங்க காலேஜ்ல எல்லாரும் இப்ப இந்த மாதிரிப் பழைய சின்ன கேமராவத்தான் தேடுதாவ" என்றாள். கல்யாணப் பெண் பேச்சு அன்றைக்கு எடுபடுமா? ரிஃபாத் வாசலுக்கு வெளியே நின்றாள். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் போய்விடக் கால் எழவில்லை. அவள் கால் எழாமல் நின்றது அநேகமாக அதுதான் முதல் தடவை.

ஈரத்தலையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பிறகு எல்லாம் ஓட்டம்தான். கனியின் தம்பியும் இரண்டு சாட்சிகளும் படியேறும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து அதீபாவின் முக்காட்டில் ஊக்கு தெறித்து, ஜரிகைத் துணி சரிந்தது.

"ஊக்கு! யாராவது ஒரு ஊக்கு குடுங்கட்டி!" என்று ஹாஜரா பீவி கத்தினாள். முப்பது பொம்பளைகள் இருந்தும் ஒருத்தியிடமும் இல்லை. கீழே விழுந்தவை ஜமுக்காளத்தில் எங்கே போயினவோ.

"மாமி, ஒங்க கையிலதான் இருக்கு. உள்ள இன்னும் நாலு கெடக்கு" என்றாள் ரிஃபாத் வாசலில் இருந்து.

பறிமுதல் செய்த கேமரா மாமியின் கையிலேயே இருந்தது. பதற்றத்தில் அவளுக்கு மூடி திறக்கவில்லை. ரிஃபாத் உள்ளே ஓடிவந்து, திறந்து, எடுத்து, முக்காட்டைக் குத்தி முடிக்கவும் ஆண்கள் உள்ளே வரவும் சரியாக இருந்தது. இனி வெளியே போக முடியாது. அதீபாவின் பக்கத்தில் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கைக்குள் சின்னது.

வாப்பாவின் தம்பியான சாச்சா சம்மதம் கேட்டார். அதீபா "சம்மதம்" என்றாள். ரிஃபாத் அமுக்கினாள். திரையைப் பார்த்தாள். அதீபாவின் முகம் கல்லாக இருந்தது. பயம் தவிர வேறொன்றும் அதில் இல்லை. இதையா அந்த மனுஷனுக்கு அனுப்புவது? கால் மரத்தது, மூக்கு நுனியில் வியர்வை நின்றது. அவள் அசையவில்லை.

ஆண்கள் இறங்கிப் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். ஹாஜரா பீவி அந்தச் செத்த கேமராவை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பென்று அதீபாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதீபா அவள் தோளில் சாய்ந்து, "வாப்பா கேட்டிருக்கணும் மாமி" என்றாள். அவ்வளவுதான். காலையில் இருந்து மண்டபத்தை அதட்டிய மனுஷி வாய் கோணி, முக்காடு நழுவி, சின்னப் பிள்ளை போல அழுதாள். அதீபா அழுதுகொண்டே சிரித்து அவள் கன்னத்தைத் துடைத்தாள். ரிஃபாத் அமுக்கினாள்.

பந்தி முடிந்ததும் மாமி வந்து நின்றாள். "எடுத்தியா?"

காட்டினாள். மாமி அந்தச் சின்னத் திரையைக் கை நீட்டித் தூர வைத்துப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"அழி. நான் அழுது யாரும் பாத்ததில்ல. அழி."

ரிஃபாத் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். கனி கேட்ட முகம் இதில்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் சட்டம்தான். அழிக்கவா என்று கேமரா கேட்டது. விரலைப் பொத்தான் மேல் வைத்துவிட்டு, "ஒங்க காக்கா கேட்ட படம் இதுதான் மாமி. அவியளுக்கு இது ஒண்ணு போதுமாம்" என்றாள். அவளால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஹாஜரா பீவி முக்காட்டை இழுத்துச் சரி செய்தாள். பிறகு, "அனுப்பிட்டு அழி" என்றாள்.

கட்டைவிரல் அளவு கார்டு ரீடரைப் போனில் செருகி, ரிஃபாத் படத்தை அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமானது. உடனே மாமியின் கண் முன்னாலேயே கார்டில் அழித்தாள், போனிலும் அழித்தாள். ஐந்து நிமிஷம் கழித்துத் தம்மாமில் இருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் வெறும் மூச்சுச் சத்தம். அப்புறம், "எங்கண்ணு சிரிக்காளே… ஹாஜரா… நீயாம்மா அழுத? நான் இல்லாத கொறைய நீ தீத்துட்டியேம்மா."

ஹாஜரா பீவி அதை மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏட்டி, அந்தப் படத்த இன்னொருக்கா காட்டு."

"அழிச்சிட்டேன் மாமி."

"அதுக்குள்ளயா?" என்றாள் மாமி. "செத்த பொறுத்திருக்கலாம்லாட்டி."

ரிஃபாத் அவள் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.