கேப்டன் ப்ரோஸரின் ரிவால்வர்

அன்று நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

1978 நவம்பர், வியாழக்கிழமை. பர்மிங்ஹாமில் துப்பாக்கி பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு மாலை 3.45-க்கு எடித் ப்ரோஸர் என்ற அம்மாள் வந்தார். கையில் பிஸ்கட் டின். அதற்குள் ஒரு வெப்லி ரிவால்வர். முதல் உலகப்போரில் கேப்டனாக இருந்த அவருடைய அப்பாவுடையது. அப்பா போன மாதம்தான் இறந்திருந்தார்.

"இனிமே சுடாதபடி அடைச்சுக் குடுங்க, மிஸ்டர் ஹாலிஸ். தூக்கிப்போட மனசு வரல. ஞாயித்துக்கிழமையானா கதவைச் சாத்திக்கிட்டு இதைத் துடைப்பாரு. எங்களைக் கிட்டவே விடமாட்டாரு."

அவர் போனதும் என் கூட்டாளி லென் கோட்டை மாட்டினான்.

"இந்தத் துப்பாக்கி உன்னைவிட வயசுல பெருசு. மரியாதையா நடத்து," என்று சிரித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

ரிவால்வரின் தோட்டா உருளையைத் திறந்து பார்த்தேன். ஆறு குழியும் காலி. மேஜைமேல் வைத்தேன்.

4.25. வெளியே இருட்டிவிட்டது.

டக்...

திரும்பினேன். ரிவால்வரில் தோட்டாவைத் தட்டும் சுத்தியல், சுடத் தயாராகப் பின்னால் இழுபட்டு நின்றது. நான் இழுக்கவில்லை.

ஈரச் சேற்று வாடை வந்தது.

வாடிக்கையாளர் நாற்காலியில் ஒருவன். பொடியன். காக்கி உடை. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. நெஞ்சில் ஒரு வெள்ளைத் துணி குத்தியிருந்தது. அதில் ரத்தமில்லை. தோளில் இருந்தது. தொடையில் இருந்தது.

"கண்ணைக் கட்டிவிடுங்க சார்... அவன் முகத்தைப் பாக்க முடியல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

நான் திரும்பவில்லை.

கைக்குட்டையால் கட்டினேன். நெற்றி சில்லென்றிருந்தது.

4.31.

டமார்...

நாற்காலி காலி. ஆறு குழியும் காலி. துப்பாக்கிக் குழல் மட்டும் சூடாக இருந்தது. கைக்குட்டை இன்றுவரை கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை எடித்திடம் சொன்னேன். மறுநாள் அப்பாவின் பெட்டியில் கிடைத்த ராணுவக் காகிதம் ஒன்றை நீட்டினார்.

1917. போர்முனையிலிருந்து ஓடிய சிப்பாய்க்கு மரண தண்டனை. வயது 19. சுடவேண்டிய பன்னிரண்டு பேரும் அவனுடைய நண்பர்கள். நெஞ்சில் குறிக்காகக் குத்திய வெள்ளைத் துணியை விட்டு வேண்டுமென்றே தவறவிட்டார்கள். பொறுப்பிலிருந்த அதிகாரி ரிவால்வரால் முடித்துவைத்தார்.

சிப்பாயின் பெயர் ஆர்தர் ப்ரோஸர்.

"இது யாரும்மா?"

"அப்பாவோட தம்பி. காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லியிருந்தாரு."

அடியில் அதிகாரியின் கையெழுத்து. எடித் அதை விரலால் தொட்டார்.

"அப்பா கையெழுத்து," என்றார்.