தங்கைக்கு நான் சொன்ன வழி

ஒஸ்லோவுக்கு வருமுன் நான் ஒரு ஜெர்மன் நகரத்தில் இருந்தேன். அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் காலையில் வரிசையில் நின்றாலே விசாவைப் புதுப்பித்துவிடலாம். வேறொரு ஜெர்மன் நகரத்தில் படிக்கும் என் தங்கையிடமும், "விடிய வெள்ளெனப் போய் வரிசையில நில், அதுவே காணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் போன அன்று எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பத்து மணிக்கு அழுதபடி அழைத்தாள்.

"அக்கா, இஞ்சை மின்னஞ்சல்லதான் விண்ணப்பிக்கோணுமாம். உள்ளுக்கே விடேல்லை. நாளையோட விசா முடியுது!"

நல்லவேளை, வாசலில் நின்ற முன்பின் தெரியாத துருக்கிப் பெண் ஒருவர் அவளோடு படியில் அமர்ந்து விண்ணப்பத்தை எழுதி அனுப்ப உதவினாராம். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதாகவும் முடிவு தெரியும்வரை அவள் அங்கே தங்கலாம் என்றும் மறுநாள் மாலை பதில் வரும்வரை நான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன்.

விசா எப்போது முடிகிறது என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாராம். அக்காவான நான் அதைக் கேட்கவே இல்லை.