கொடிகாமத்தில் கடைசிப் படம்

கொடிகாமம் சந்தை வாசலில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், சக்கரமாய் இரும்புச் சில்லுகள் பூட்டிய பலகையில் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் உந்தி, தோளில் வாழைக்குலையோடு பறக்கிறார். கொழும்பு ஸ்கேட்போர்ட் பையன்களுக்குப் பின்னால் பிலிமை வீணாக்கியவன் நான். கமராவில் இனி எடுக்க மிஞ்சியிருப்பது ஒரே ஒரு படம்.

"அண்ணை, இன்னொருக்கா ஓடுங்கோ, படம் எடுக்க."

அவர் இறங்கி, குலையை நிலத்தில் வைத்து, பலகையைச் சாக்கால் மூடுகிறார். தலைவாரி, வெள்ளைச் சுவரோடு விறைத்து நிற்கிறார். கமராவைக் கண்டாலே இந்த ஊருக்கு உயிர் போய்விடும்!

"ரெண்டு காதும் தெரிய எடுங்கோ தம்பி, பாஸ்போட்டுக்கு. ஸ்ரூடியோவிலை பிலிம் இல்லை."

"நீங்கள் ஓடுறதுதான் வேணும். கொழும்பிலை சனம் ரசிக்கும்."

"அதைப் பாத்து ஆர் எனக்கு விசா தாறது?"

பெரிய கலைஞன் நான். ரெண்டு காதும் தெரிய அந்தக் கடைசிப் படத்தை எடுத்து முடிக்கிறேன். அவர் பலகையில் ஏறி, கைகளை விரித்து, என்னைச் சுற்றி வட்டமடிக்கிறார்.

"இப்ப ரசியுங்கோ!"