கிளினிக் நோன்பு

பஸ்லா தாத்தா ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் அவருடைய குடை கீழே விழும். கதவோரம் சாத்தி வைப்பது போலத்தான் வைப்பார். அது மெல்லச் சரிந்து தரையில் விழும். "அட, இது வேற" என்று குனிவார். ஒரு குடையை எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. நிமிர்வதற்குள், கதிரையில் இருப்பவரின் இரண்டு பாதங்களையும், விரல் இடுக்குகளையும், குதிகால் வெடிப்பையும் பார்த்து முடித்திருப்பார். நீரிழிவு என்னும் சீனி வருத்தம் உள்ளவர்களின் கால்களைக் கவனிக்க வேண்டும் என்று தொண்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வயதில் மூத்த ஆண்களிடம் போய் "காலைக் காட்டுங்க" என்று எப்படிக் கேட்பது என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் அழைப்போம். யட்டவத்தவிலிருந்து உள்ளே வரும் பாதையில், மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருக்கின்றன எங்கள் வீடுகள். ஊரின் சிறிய ஆஸ்பத்திரியில் சீனிக்கும் பிரஷருக்கும் மாதக் கிளினிக் தொடங்கியபோது, ஒவ்வொரு ஒழுங்கைக்கும் அதன் வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டர் வேண்டும் என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். தையல் மெஷினை மூடிவிட்டுப் போய் முதலில் பெயர் கொடுத்தவர் பஸ்லா தாத்தா.

அதுவரை எல்லாரும் மாத்தளைக்குத்தான் போனார்கள். விடியற்காலை பஸ்ஸில் போய், வெயில் சாய்ந்த பிறகு திரும்புவார்கள். அதே மாத்திரை இங்கேயே கிடைக்கும் என்றால் யாரும் நம்பவில்லை.

"கிட்ட கிடைக்கிற மருந்து வேலை செய்யாது தாத்தா. பஸ் ஏறிப் போய் வாங்கினாத்தான் கேக்கும்" என்று திரீவீல் ஓட்டும் முஸம்மில் நானா பகடி பண்ணுவார்.

"ஒனக்கு ஹயர் கொறஞ்சிடும்ங்கிற பயம்."

"அதுவும்தான்."

பஸ்லா தாத்தா விடவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி ஆட்களைச் சேர்த்தார். சேர்த்தவர்களில் முக்கியமானவர் பதுர்தீன் ஹாஜியார். சந்தியில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். அவர் கிளினிக்கின் மர வாங்கில் வந்து உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கும் கிளினிக்கின் மேல் நம்பிக்கை வந்தது.

கிளினிக்கைப் பார்த்துக்கொண்டவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த தாதி, சந்திரவதனா மிஸ். ஹாஜியாரின் சீனி ஒவ்வொரு மாதமும் அளவோடு இருக்கும். "ஹாஜியாரைப் பாருங்கோ! எவ்வளவு கவனமா இருக்கிறார். நீங்களும் இருக்கிறியள்" என்று மிஸ் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். ஹாஜியார் தொப்பியைச் சற்று இழுத்துச் சரிசெய்துகொள்வார்.

மிஸ்ஸுக்குத் தெரியாத ஒன்று ஊர் முழுவதற்கும் தெரியும். கிளினிக்குக்குச் சில நாட்கள் முன்பே வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடும். குரக்கன் ரொட்டி, பாவக்காய், சீனியில்லாத பிளேன்டீ. மாதம் முழுக்க மறந்துபோன மாத்திரைகள் அந்த நாட்களில் ஞாபகம் வரும். இதற்குக் கிளினிக் நோன்பு என்று பெயர். விரலில் குத்தி இரத்தம் பார்த்து முடிந்ததும் பெருநாள். ஹாஜியார் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே ஹோட்டலுக்குப் போய், கித்துள் கருப்பட்டியைக் கடித்தபடி தேநீர் குடிப்பார். மிஸ்ஸை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இவ்வளவு பாடுபடுகிற பிள்ளையின் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான்.

நல்ல அளவுகளைப் பார்த்து டாக்டர் ஹாஜியாரின் மாத்திரையைக் குறைத்தார்.

ஒரு நாள் குடையை எடுக்கக் குனிந்த பஸ்லா தாத்தா, ஹாஜியாரின் வலது பெருவிரலுக்கு அடியில் புண் ஒன்றைக் கண்டார்.

"இது எப்ப ஹாஜியார்?"

"செருப்புக் கடிச்சது. வலியே இல்ல."

"வலி இல்லாததுதான் பயம். மிஸ்ஸுட்ட காட்டுங்க. என்ன சாப்பிடுறீங்கன்னும் உள்ளத சொல்லிடுங்க."

"எல்லாருக்கும் முன்னால என்னயக் காட்டிப் பேசுற புள்ள. எந்த மூஞ்ச வச்சிட்டுச் சொல்ல?"

அடுத்த கிளினிக்குக்கு ஹாஜியார் காலுறை போட்டுக்கொண்டு போனார். மிஸ் வழக்கம்போலப் பாராட்டினார்.

அன்று மாலை பஸ்லா தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். முகத்தில் களை இல்லை.

"நீங்களே மிஸ்ஸுட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?" என்று உம்மா கேட்டார்.

"சொன்னா அவரு மட்டுமா மாட்டுவாரு? முழு ஊரும் மாட்டும். பொறகு எந்த வீட்டுல என்னய உள்ள எடுப்பாங்க?"

"சொல்லாட்டி?"

"அவரோட காலு போகும்."

முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகின் மேல் நிழல் ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த மாதம் மிஸ் பாராட்டவில்லை. ஹாஜியாரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காலுறையைக் கழற்றச் சொன்னார். போன சில மாதங்களின் சீனியையும் சேர்த்துக் காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. அதற்காக இரத்தம் எடுத்து மாத்தளைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்றே டாக்டர் பெரியாஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசி ஹாஜியாரை வார்ட்டில் சேர்த்தார். புண்ணைச் சுத்தம் செய்தார்கள், இன்சுலின் தொடங்கினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

ஹாஜியார் வீடு திரும்பியதும் நோய் விசாரிக்க உம்மாவோடு நானும் போனேன். பஸ்லா தாத்தா எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கட்டுப்போட்ட கால் ஸ்டூலின் மேல் இருந்தது. ஹாஜியாரின் மனைவி றமீஸா மாமி கதிரையின் முதுகைப் பிடித்தபடி அவருக்குப் பின்னால் நின்றார்.

"மிஸ்ஸுட்ட சொன்னது நீங்கதானே?" என்று ஹாஜியார் கேட்டார்.

பஸ்லா தாத்தா அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற மாமியையும் பார்த்தார்.

"ஆமா ஹாஜியார். நான்தான்."

"வீடு வீடா வந்து டீ குடிச்சது இதுக்குத்தானா?"

"ஒங்க வீட்டு டீல சீனி கூட. அதயும் சேத்தே சொல்லிட்டேன்."

ஹாஜியார் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு கிளினிக்கில் எல்லாருக்குமே அந்தப் பரிசோதனை நடந்தது. ஊருக்குக் கோபம். பஸ்லா தாத்தா பயந்தது போலவே ஆயிற்று. சில வீடுகளில் "உம்மா தூங்குறாங்க" என்றார்கள். முஸம்மில் நானா திரீவீலை நிறுத்தி, "சீஐடி மேடம், எங்க இறக்கணும்?" என்றார். "ஒன்ட வீட்டுலதான். ஒன்ட பிரஷர் போன மாசம் கூட" என்றார் பஸ்லா தாத்தா. கதவு திறக்காத வீடுகளில் வாசல் கேற்றடியில் நின்றே சுகம் கேட்டுவிட்டுப் போனார். ஒரு வீட்டையும் தவறவிடவில்லை.

மிஸ் பகிரங்கமாகப் பாராட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஆட்களும் மெல்ல வாய்திறந்தார்கள். "மிஸ், நேத்து கலியாண வீடு. வட்டிலப்பம் சாப்பிட்டேன், ஒளிக்க மாட்டேன்" என்று ஒருவர் சொல்ல, வாங்கு முழுக்கச் சிரித்தது. ஹாஜியாரின் புண் ஆறியது. சப்பாத்துப் போட்டு நடந்தே கிளினிக்குக்கு வந்த முதல் நாள், பஸ்லா தாத்தா நிற்பதைக் கண்டு வாங்கில் சற்று நகர்ந்து, "இரிங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த கிழமையிலிருந்து மூடியிருந்த கதவுகளும் திறந்தன.

நெடுநாள் கழித்து ஒரு கலியாண வீட்டில் றமீஸா மாமி என் உம்மாவின் காதோரம் சொன்னார்: மிஸ்ஸுக்குப் போனில் கோல் எடுத்துப் புண்ணைப் பற்றிச் சொன்னது மாமியேதான். ஹாஜியார் கேள்வி கேட்ட அந்த நாள்வரை பஸ்லா தாத்தா மிஸ்ஸிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.