சுவரில் ஒரு தட்டு

மூணாறு ஜீப்புக்காகச் சாலையோரம் நிற்கிறேன். மழை வலுக்கிறது. தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஒரு பெண் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். பெயர் ரெஜினா, கொழுந்து பறிப்பவர். லயத்து வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. இவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் யாரோ சாயங்காலச் செபம் சொல்லி முடிக்கிறார்கள். பால் விடாத கட்டஞ்சாயாவை நீட்டிய ரெஜினாவின் கண் சுவரிலேயே இருக்கிறது. என்னவென்று கேட்கிறேன்.

“கொரோனா வந்தப்ப இந்த வீட்டுல ஒத்தையாக் கெடந்தேன் தம்பி. வாசப்பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது. கிறுக்குப் பிடிச்சிரும்போல இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஞானம்மா தெனமும் செபம் முடிச்சதும் சுவத்துல தட்டுவா. நானும் திருப்பித் தட்டுவேன். அதுக்கப்புறந்தான் தூக்கம் வரும்.”

“இப்பவும் தட்டுறாங்களா?”

“தட்டுறா. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழாயடியில சண்டை. கிறிஸ்மஸுக்குப் பலகாரம்கூடக் குடுத்துக்கல.”

வெளியே ஜீப் ஹாரன் அடிக்கிறது. சுவரில் இன்னும் சத்தமில்லை. ரெஜினா டம்ளரை வைத்துவிட்டு எழுகிறார். மழையைப் பார்க்காமல் வாசலில் இறங்கி, பக்கத்து வீட்டை நோக்கி நடக்கிறார்.

அப்போது சுவரில் கேட்கிறது, டொக் டொக்.

“திமிரப் பாத்தீங்களா தம்பி, இம்புட்டு நேரங்கழிச்சு!”

நனைந்த தலையோடு உள்ளே ஓடிவந்து கரண்டிக் காம்பால் திருப்பித் தட்டுகிறார். அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது.